சிவிலைசேஷன் தொடரின் மாற்றங்களைப் பற்றி முறையாக வாதிடுவது எப்படி

சிவிலைசேஷன் என்ற கணினி விளையாட்டுத் தொடரின் முதல் பாகம் 1991-இல் வெளிவந்தது. ஏழாம் பாகம் 2025 பிப்ரவரியில் வந்தது. ஒரு மக்கள் கூட்டத்தைக் கற்காலத்திலிருந்து விண்வெளிக் காலம் வரை வழிநடத்துவது என்ற அடிப்படை எண்ணம் மாறவில்லை என்றாலும், அதைச் செயல்படுத்தும் விதிகள் பாகத்துக்குப் பாகம் பெரிதும் மாறியிருக்கின்றன. ஒவ்வொரு பெரிய மாற்றமும் ரசிகர்களிடையே நீண்ட சண்டையை எழுப்பியிருக்கிறது. ஏழாம் பாகம் எழுப்பிய சண்டை அவற்றுள் மிகக் கடுமையானது என்றே நான் கருதுகிறேன். அந்த விவாதத்தில் ஒரு கருத்தை வைத்திருப்பவர், அதைப் பிறர் புரிந்துகொள்ளும்படியும், விளையாட்டை உருவாக்கும் ஃபிராக்ஸிஸ் நிறுவனத்துக்குப் பயன்படும்படியும் எப்படி உருவாக்கிக்கொள்வது என்பதற்கான வழிகாட்டி இது. புதியதை ஆதரிப்பவருக்கும் எதிர்ப்பவருக்கும் இது ஒன்றுபோலவே பொருந்தும்.

முதலில் குறையை வகைப்படுத்துங்கள்

"இது சிவிலைசேஷனே இல்லை" என்ற வாக்கியத்துக்குள் குறைந்தது மூன்று தனித்தனிக் குறைகள் ஒளிந்திருக்கும். விளையாட்டு முடிக்கப்படாமல் வெளியிடப்பட்டது என்பது ஒன்று. ஒரு புதிய விதி சரியாக வேலை செய்யவில்லை என்பது இன்னொன்று. விதி நன்றாகவே வேலை செய்தாலும், நான் இத்தொடரிடம் எதிர்பார்ப்பது இதுவல்ல என்பது மூன்றாவது. இம்மூன்றுக்கும் தீர்வுகள் வேறு. முதலாவதை வெளியீட்டுக்குப் பின் வரும் மென்பொருள் திருத்தங்களால் சரிசெய்யலாம். இரண்டாவதற்கு விதியை மாற்றி எழுத வேண்டும். மூன்றாவதற்கு, விதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை விளையாடுபவரிடமே கொடுத்தாலொழியத் தீர்வில்லை. வகைப்படுத்தாமல் ஒன்றாகச் சேர்த்துச் சொன்னால், எதிர்த்தரப்பினர் மூன்றில் எளிதானதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு விவாதம் முடிந்ததாக நினைத்துக்கொள்வார்கள்.

ஏழாம் பாகத்தையே எடுத்துக்கொள்வோம். வெளியானபோது அதன் திரை அமைப்பு தகவல்களைத் தெளிவாகக் காட்டவில்லை என்று ஏறத்தாழ எல்லாத் தரப்பினரும் குறைகூறினார்கள். வெற்றிக்குப் பிறகும் தொடர்ந்து விளையாட உதவும் "இன்னும் ஒரு டர்ன்" (டர்ன் என்பது ஆட்டத்தின் ஒரு சுற்று) வசதி, இத்தொடரின் அடையாளமாகவே ஆகிவிட்ட ஒன்று, முதல் வெளியீட்டில் இல்லை. இவை முதல் வகையைச் சேர்ந்தவை. "இன்னும் ஒரு டர்ன்" அதே ஆண்டு ஏப்ரலில் வந்த திருத்தத்தில் திரும்பியது. திரை அமைப்பும் படிப்படியாகத் திருத்தப்பட்டது. ஆனால் ஆட்டத்தின் நடுவே நாகரிகத்தை மாற்றியாக வேண்டும், ஒரே நாகரிகத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை நடத்த முடியாது என்ற குறை மூன்றாம் வகையைச் சேர்ந்தது. திரை எவ்வளவு அழகாகத் திருத்தப்பட்டாலும் அந்தக் குறை அப்படியே நிற்கும். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் "விளையாட்டு மோசம்" என்று மட்டும் எழுதியவர்களின் கருத்து, முதல் சில திருத்தங்கள் வந்தவுடனேயே வலுவிழந்து போனது.

விற்பனை பற்றிய குறையையும் தனியாகவே வையுங்கள். நவீன காலத்துக்குரிய நாகரிகங்களின் பட்டியலில் பிரிட்டன் முதலில் இல்லாமலிருந்து, ஒரு மாதம் கழித்துத் தனி விலையுள்ள கூடுதல் தொகுப்பில் வந்தது பலரைக் கோபப்படுத்தியது. நியாயமான கோபம்தான். ஆனால் அது வடிவமைப்பைப் பற்றிய வாதம் அல்ல. இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும்.

எந்தச் சிக்கலுக்காக மாற்றினார்கள் என்று கண்டறியுங்கள்

ஒரு விதியை மதிப்பிடுவதற்குமுன், அது எந்தச் சிக்கலைத் தீர்க்கக் கொண்டுவரப்பட்டது என்பதை உங்களால் எதிர்த்தரப்பினர் ஒப்புக்கொள்ளும் வகையில் சொல்ல முடிய வேண்டும். இந்த ஒரு படியைப் பலரும் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டுமே கடைப்பிடிக்க நேரமிருக்கிறது என்பவர் இதைக் கடைப்பிடித்தால் போதும்.

2010-இல் வந்த ஐந்தாம் பாகம் இதற்கு மிகச் சிறந்த பாடம். 2005-இல் வந்த நான்காம் பாகம் வரை ஒரே கட்டத்தில் எத்தனை படைகளை வேண்டுமானாலும் அடுக்கலாம். அதனால் பத்து இருபது படைகளை ஒரே குவியலாகச் சேர்த்து எதிரியின் நகரத்தை நோக்கி நடத்திச் செல்வதே போர்முறையின் சாரமாக இருந்தது. ரசிகர்கள் அதை "ஸ்டாக் ஆஃப் டூம்" என்று அழைத்தார்கள். ஐந்தாம் பாகத்தை வடிவமைத்த ஜான் ஷேஃபர், சதுரக் கட்டங்களை அறுகோணங்களாக மாற்றி, ஒரு கட்டத்துக்கு ஒரு போர்ப்படை என்ற விதியைக் கொண்டுவந்தார். மலைக் கணவாயைக் காப்பதும், வில்லாளர்களைக் காலாட்படைக்குப் பின்னால் நிறுத்துவதும் அப்போதுதான் பொருளுள்ள முடிவுகளாயின. போர்க்களம் முதன்முறையாக ஒரு களமாகத் தோன்றியது.

அதற்கான விலையும் கொடுக்கப்பட்டது. வரைபடத்தில் கட்டங்கள் குறைவு என்பதால் படைகள் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு பாதைகளை அடைத்தன. கணினி நடத்தும் எதிரிகளுக்குப் படைகளை வரிசைப்படுத்தத் தெரியவில்லை. வில்லாளர்களை முன்னாலும் வாள்வீரர்களைப் பின்னாலும் அனுப்பி அழிந்தார்கள். வரைபடம் படைகளால் நிரம்பிவிடக் கூடாது என்பதற்காக உற்பத்தியின் வேகத்தையே குறைக்க வேண்டியிருந்தது. இக்குறைகளை ஷேஃபரே சில ஆண்டுகளுக்குப் பிறகு வெளிப்படையாக எழுதினார்.

இங்கே கவனிக்க வேண்டியது, அன்றைய ரசிகர்களுள் எவருடைய குறை பயன்பட்டது என்பதை. "குவியலைத் திருப்பிக் கொடுங்கள்" என்றவர்களின் கோரிக்கை நிறைவேறவில்லை. "குவியலை நீக்கியது சரி, ஆனால் படைகளை நகர்த்துவது வேதனையாகிவிட்டது" என்று சிக்கலைக் குறிப்பாகச் சுட்டியவர்களுக்கு அடுத்தடுத்த பாகங்களில் பதில் கிடைத்தது. ஆறாம் பாகத்தில் ஒரே வகைப் படைகளை ஒன்றாக இணைத்து வலுவான ஒரே படையாக்க முடிந்தது. சில துணைப் படைகள் போர்ப்படையுடன் ஒரே கட்டத்தில் நிற்க முடிந்தது. ஏழாம் பாகத்தில் தளபதி என்ற புதிய பாத்திரம் பல படைகளைத் தன்னுள் சேர்த்துக்கொண்டு ஒன்றாக நகர்ந்து, போர்முனையில் அவற்றைப் பிரித்து நிறுத்துகிறார். ஏழாம் பாகத்தைக் கடுமையாக எதிர்ப்பவர்களுள் பலர்கூடத் தளபதியை மனதாரப் பாராட்டுகிறார்கள். ஒரு சிக்கலைச் சரியாகப் பெயரிட்டுச் சொன்னதன் பலன் பதினைந்து ஆண்டுகள் கழித்தும் வந்து சேர்ந்திருக்கிறது.

இதே கேள்வியை இப்போது ஏழாம் பாகத்தின் கால மாற்றத்துக்குப் போட்டுப் பாருங்கள். முந்தைய பாகங்களில் நடுப்பகுதிக்குள் யார் வெல்லப்போகிறார்கள் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். முன்னணியில் இருப்பவரின் வளர்ச்சி மேலும் மேலும் பெருகிக்கொண்டே போகும். மீதமுள்ள நூறு டர்ன்களும் வெறும் சடங்காகிவிடும். பலர் தாங்கள் தொடங்கிய ஆட்டங்களை முடிப்பதே இல்லை என்பதை எட் பீச் தலைமையிலான வடிவமைப்புக் குழு ஒரு முக்கியக் காரணமாகச் சொன்னது. ஆகவே ஆட்டத்தைத் தொன்மைக் காலம், தேடல் காலம், நவீன காலம் என்று மூன்றாகப் பிரித்தார்கள். முதல் இரண்டு காலங்கள் ஒவ்வொன்றின் இறுதியிலும் ஒரு நெருக்கடி வரும். அதன்பின் எல்லாரும் ஒரே நேரத்தில் புதிய நாகரிகம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அடுத்த காலத்துக்குள் நுழைவார்கள். நடந்துகொண்டிருந்த போர்கள் நின்றுவிடும். தலைநகர் தவிர்த்த நகரங்கள் பொதுவாகச் சிற்றூர்களாகிவிடும்.

இதை எதிர்ப்பவர் "நடுப்பகுதிக்குமேல் ஆட்டம் சலிப்பூட்டும் என்ற சிக்கல் உண்மைதான், ஆனால் பத்து டர்ன்களில் விழவிருந்த எதிரியின் தலைநகரை முற்றுகையிட்டுக்கொண்டிருக்கும்போது போர் தானாக நின்றுவிடுவது அதற்கான தீர்வல்ல" என்று சொன்னால், அது பதில் சொல்லியாக வேண்டிய வாதம். ஆதரிப்பவரும் "நவீன காலத் தொடக்கத்தில் பின்தங்கியிருந்த எனக்கு மீண்டும் போட்டியிட வாய்ப்புக் கிடைத்தது" என்று தம் ஆட்டத்திலிருந்து காட்டினால், அது வெறும் புகழ்ச்சியைவிடப் பன்மடங்கு மதிப்புடையது.

ஒப்பிடும்போது எதை எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்று சொல்லுங்கள்

பழைய பாகத்தை எவரும் அது வெளிவந்த நாளில் இருந்தபடி நினைவில் வைத்திருப்பதில்லை. ஐந்தாம் பாகம் வெளியானபோது நான்காம் பாகத்தில் இருந்த மதமும் உளவும் அதில் இல்லை. அன்று அதைப் "பாதி விளையாட்டு" என்று பலர் திட்டினார்கள். 2012-இல் வந்த காட்ஸ் அண்ட் கிங்ஸ் விரிவாக்கம்தான் அவ்விரண்டையும் திருப்பிக் கொண்டுவந்தது. 2013-இல் வந்த பிரேவ் நியூ வேர்ல்ட் விரிவாக்கம் வணிகப் பாதைகளையும் புதிய பண்பாட்டு வெற்றியையும் சேர்த்தது. இன்று ஐந்தாம் பாகத்தைத் தொடரின் உச்சம் என்று சொல்பவர்கள், இவ்விரண்டும் சேர்ந்த விளையாட்டையே மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள். 2016-இல் வந்த ஆறாம் பாகத்துக்கும் இதே கதைதான்: அதன் கேலிச்சித்திரம் போன்ற ஓவிய முறையும், நகரத்தின் கட்டடங்களைத் தனித்தனிக் கட்டங்களில் பரப்பிய மாவட்ட முறையும் முதலில் எதிர்ப்பைச் சந்தித்தன, பின்னர் மாவட்ட முறை தொடரின் மிகச் சிறந்த கண்டுபிடிப்புகளுள் ஒன்றாகப் பலராலும் ஏற்கப்பட்டது.

ஆகவே வடிவமைப்பைப் பற்றிப் பேசும்போது வெளியீட்டு நாள் நிலையை வெளியீட்டு நாள் நிலையோடு ஒப்பிடுங்கள். ஆனால் "நான் இன்று எதை வாங்குவது?" என்று ஒருவர் கேட்டால், எல்லா விரிவாக்கங்களும் சேர்ந்து மலிவு விலையில் கிடைக்கும் பழைய பாகத்தை முழு விலையுள்ள புதியதோடு ஒப்பிடுவதுதான் நேர்மை. அவருடைய பணம் இன்றைய பணம். "ஐந்தாம் பாகமும் தொடக்கத்தில் இப்படித்தான் இருந்தது" என்பது அவருக்கு எந்த ஆறுதலும் அல்ல. இவ்விரண்டு கேள்விகளில் எதற்குப் பதில் சொல்கிறீர்கள் என்பதை முதல் வாக்கியத்திலேயே தெரிவித்துவிட்டால் பாதிச் சண்டை எழாது.

எண்களை மேற்கோள் காட்டும்போதும் இதே கவனம் வேண்டும். 2025-இல் கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரே நேரத்தில் விளையாடுவோர் எண்ணிக்கையில் ஏழாம் பாகம் தன் முன்னோடிகளான ஐந்தையும் ஆறையும்விடப் பின்தங்கியிருந்தது பலமுறை சுட்டிக்காட்டப்பட்டது. அது புறக்கணிக்கத்தக்க சான்று அல்ல. எனினும், ஏழாம் பாகம் கணினியிலும் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நின்டென்டோ ஸ்விட்ச் ஆகியவற்றிலும் ஒரே நாளில் வெளியானது. அங்கெல்லாம் விளையாடுபவர்கள் ஸ்டீம் கணக்கில் வரமாட்டார்கள். விலை வேறுபாடும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. மேலும், அந்த எண் எத்தனை பேர் விலகினார்கள் என்பதைச் சொல்லுமே தவிர, கால மாற்றத்தால் விலகினார்களா, திரை அமைப்பால் விலகினார்களா, விலையால் விலகினார்களா என்பதைச் சொல்லாது. தம் காரணத்தையே எல்லாருடைய காரணமாகவும் எண்ணிக்கொள்வது இரு தரப்பினரிடமும் உள்ள பழக்கம்.

அடையாளத்தைத் தொடும் மாற்றங்கள்

இனி மிகக் கடினமான பகுதிக்கு வருவோம்; தமிழ் வாசகர்களுக்கு நேரடித் தொடர்புடைய பகுதியும் இதுவே. ஏழாம் பாகத்தில் தேடல் காலத்துக்குரிய நாகரிகங்களுள் ஒன்றாகச் சோழர் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கலம் என்ற தனிப்பட்ட கப்பலும், அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்று வணிகக் குழுக்களின் பெயர்களைத் தாங்கிய கட்டடங்களும் உள்ளன. தஞ்சைப் பெருவுடையார் கோயில் உலக அதிசயங்களுள் ஒன்றாகக் கட்டப்படலாம். ஆனால் முதல் வெளியீட்டில் தொன்மைக் காலத்துக்கு இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து மௌரியர் மட்டுமே இருந்தார்கள். நவீன காலத்துக்கு முகலாயர் மட்டுமே. அந்நிலத்தை விட்டு வெளியேறாமல் ஆட விரும்பியவர், மௌரியராகத் தொடங்கி, சோழராக மாறி, முகலாயராக முடிக்க வேண்டியிருந்தது.

இதைக் கண்டு வருந்தும் ஒருவரிடம் "விளையாட்டுதானே" என்று சொல்லாதீர்கள். அவர் வருத்தத்துக்கு வரலாற்று அடிப்படை உண்டு. அசோகரின் பாறைக் கல்வெட்டுகள் சோழரையும் பாண்டியரையும் தம் ஆட்சிக்கு அப்பாற்பட்ட எல்லைப்புற மக்களாகவே குறிப்பிடுகின்றன. பிற்காலச் சோழர் ஆட்சி 13-ஆம் நூற்றாண்டில் முடிந்தது. முகலாயப் படை செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றியது 1698-இல்தான். மொழியாலும் ஆட்சிமுறையாலும் தொடர்பற்ற மூன்று அரசுகளை ஒன்றின் வளர்ச்சியாகக் காட்டுவது வரலாற்றின் அடுக்குகளைக் காட்டுகிறது என்ற விளக்கம், உரோமானியரிடமிருந்து நார்மானியர் வழியாகப் பிரெஞ்சுக்காரர்களுக்குச் செல்லும் பாதையில் ஓரளவு பொருந்துகிறது. இங்கே பொருந்தவில்லை என்பதே என் கருத்து.

ஆனால் அதே வருத்தத்தைத் தெரிவிப்பவர் மறுபக்கத்தையும் சொல்லக் கடமைப்பட்டவர். பழைய முறையில் துணைக்கண்டம் முழுவதும் முதல் பாகத்திலிருந்தே "இந்தியா" என்ற ஒரே நாகரிகமாக இருந்தது, கி.மு. 4000-இல் காந்தி அதன் தலைவராக முதல் நகரத்தை நிறுவினார். சோழர் தனி நாகரிகமாக, தமக்கேயுரிய கப்பலோடும் வணிகக் குழுக்களோடும் இத்தொடரில் இடம்பெற்றது, காலத்துக்கொரு நாகரிகம் என்று பிரித்த இந்தப் புதிய முறையில்தான். ஒரு நாகரிகம் ஆறாயிரம் ஆண்டுகளுக்கும் ஈடுகொடுக்க வேண்டியதில்லை என்பதால்தான் இப்படிப்பட்ட நுணுக்கமான தேர்வுகளுக்கு இடம் கிடைத்தது என்று நான் நினைக்கிறேன். நமக்குக் கிடைத்ததும் நாம் இழந்ததும் ஒரே மாற்றத்திலிருந்து வந்தவை. ஒன்றை மட்டும் சொல்வது பாதி உண்மை.

இதிலிருந்து ஒரு பொது வழிமுறை கிடைக்கிறது. "வரலாற்றுக்கு முரணானது" என்ற சொல்லை அடையாளம் பற்றிய விவாதத்தில் தனியாகப் பயன்படுத்தாதீர்கள், ஏனெனில் கற்காலத்தில் அமெரிக்கா இருப்பதும் முரண்தான், பெஞ்சமின் ஃபிராங்க்ளின் உரோமை ஆள்வதும் முரண்தான். உண்மையில் பலருக்கு வலிப்பது, பல மணி நேரம் வளர்த்த மக்களின் பெயரும் நகரப் பெயர்களும் இசையும் ஒரே நொடியில் வேறாகிவிடுவதுதான். ஒரு நாகரிகத்தை முதல் நகரம் முதல் கடைசிக் கட்டடம் வரை தன்னுடையதாக உணர்வதே சிலருக்கு இத்தொடரின் உயிர். அதை வரலாற்றுப் போர்வையில் மறைக்காமல் அப்படியே சொல்லுங்கள். செகா நிறுவனம் 2021-இல் வெளியிட்ட ஹியூமன்கைண்ட் விளையாட்டில் இதே போன்ற பண்பாட்டு மாற்றம் இருந்தது. எதிரி யார் என்பதே நினைவில் நிற்கவில்லை என்ற குறை அங்கேயும் எழுந்தது. ஏழாம் பாகம் தலைவரை மாற்றாமல் நாகரிகத்தை மட்டும் மாற்றியது அந்தக் குறையைக் குறைக்கிறது, முழுவதும் போக்கவில்லை.

தீர்ப்புக்கு முன் ஆடிப் பார்க்கும் முறை

மூன்று காலங்களையும் முழுமையாக ஆடாமல் கால மாற்றத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இயலாது. ஒரு முறை முடித்தபின், அதே தலைவர், அதே கடினநிலை, அதே வகை வரைபடத்தோடு வேறு நாகரிகப் பாதையில் இன்னொரு முறை ஆடுங்கள். சலிப்பு எந்த இடத்தில் தொடங்கியது, எந்த அறிவிப்பு வந்தபோது ஆட்டத்தை மூடத் தோன்றியது என்பதை அவ்வப்போதே குறித்துக்கொள்ளுங்கள்; பிறகு நினைவிலிருந்து எழுதினால் கோபம் மட்டுமே மிஞ்சும். 2025-இல் வந்த ஒரு திருத்தம், காலம் மாறும்போது படைகள் இருந்த இடத்திலேயே தொடரும்படி தேர்ந்தெடுக்கும் வசதியைக் கொடுத்தது. அந்தத் தேர்வோடும் ஆடிப் பாருங்கள். அதற்குப் பிறகும் உங்கள் குறை நீங்கவில்லை என்றால், அது படைகள் இடம்பெயர்வதைப் பற்றிய குறை அல்ல, வேறொன்றைப் பற்றியது என்று தெரிந்துவிடும்.

எழுதும்போது நீங்கள் எந்தப் பாகத்தில் தொடங்கினீர்கள் என்பதைத் தெரிவியுங்கள். இரண்டாம் பாகத்தில் தொடங்கியவரும் ஆறாம் பாகத்தில் தொடங்கியவரும் "உண்மையான சிவிலைசேஷன்" என்று சொல்லும்போது இரு வேறு விளையாட்டுகளைச் சொல்கிறார்கள். புதிய பாகத்தில் மூன்றில் ஒரு பங்கு பழையபடியே இருக்க வேண்டும், ஒரு பங்கு மேம்பட வேண்டும், ஒரு பங்கு புதியதாக இருக்க வேண்டும் என்பது தொடரைத் தொடங்கிய சிட் மெய்யர் காலத்திலிருந்து இத்தொடரில் பின்பற்றப்படும் வழக்கம். உங்கள் குறையை இந்த மூன்று பங்குகளில் பொருத்திப் பாருங்கள். புதிய பங்கு அளவுக்கு மீறிவிட்டது என்கிறீர்களா, அல்லது பழைய பங்கிலிருந்து எடுக்கக் கூடாத ஒன்றை எடுத்துவிட்டார்கள் என்கிறீர்களா? கட்டுமானத் தொழிலாளர்களை ஏழாம் பாகம் முற்றிலும் நீக்கியது. அவர்களைத் தேடிக் கலங்கியவர்கள் மிகச் சிலரே. நாகரிகத் தொடர்ச்சியை நீக்கியதற்குத்தான் இவ்வளவு எதிர்ப்பு.

எதிர்ப்பு வீணாகவும் இல்லை. ஒரே நாகரிகத்தை எல்லாக் காலங்களிலும் நடத்தும் வாய்ப்பைக் கொண்டுவரும் பணியில் இருப்பதாக ஃபிராக்ஸிஸ் 2025-இன் பிற்பகுதியில் அறிவித்தது. இப்படிப்பட்ட மாற்றம் உங்கள் கைக்கு வரும்போது, கால மாற்றத்தை விரும்பியவர்கள் தோற்றுவிட்டதாகக் கொண்டாடாதீர்கள். அவர்கள் விரும்பிய ஆட்டமும் தேர்வாகத் தொடர்வதுதான் நியாயம். புதிய நிலையில் மீண்டும் ஒரு முழு ஆட்டத்தை ஆடுங்கள். ஸ்டீமில் முன்பு எழுதிய மதிப்புரை இருந்தால் அதைத் திறந்து, எந்தக் குறை நீங்கியது, எது இன்னும் இருக்கிறது, எந்தத் திருத்தத்துக்குப் பிறகு இதை எழுதுகிறீர்கள் என்பதைத் தேதியோடு அதன் முதல் வரியிலேயே சேர்த்துவிடுங்கள்.